நாட்டு வளர்ச்சியில் பன்னாட்டு அரசு சார்பற்ற அமைப்புகள்

பன்னாட்டு அரசு சார்பற்ற அமைப்பு என்பது ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இயங்குவதும், எந்த அரசின் உறுப்பாகவும் இல்லாததும், இலாப நோக்கமற்றதுமான அமைப்பு ஆகும். உணவு, நலவாழ்வு, கல்வி, குடிநீர், வேளாண்மை, பேரிடர் உதவி, மனித உரிமை முதலிய துறைகளில் இவ்வமைப்புகள் பணியாற்றுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் வளர்ச்சிப் பணிகளில் இவற்றுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு. அப்பங்கு அரசுக்குத் துணையாக அமைகிறதா, அல்லது அரசு செய்ய வேண்டியதன் இடத்தை எடுத்துக்கொள்கிறதா என்பது நெடுநாள் விவாதம். அமைப்பு வெளியேறிய பின்னர் அந்நாட்டில் எஞ்சி நிற்பது எது என்னும் கேள்வியைக் கொண்டே இவற்றின் பணியைப் பலர் மதிப்பிடுகின்றனர். இக்கட்டுரை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நிகழ்ந்த சில எடுத்துக்காட்டுகளின் வழியாக அப்பங்கை விளக்குகிறது.

பெயரும் வரையறையும்

"அரசு சார்பற்ற அமைப்பு" என்னும் சொல் 1945 ஆம் ஆண்டில் உருவான ஐக்கிய நாடுகள் பட்டயத்தின் 71 ஆவது உறுப்புரை மூலம் பரவலான வழக்கிற்கு வந்தது. ஐ. நா. பொருளாதார சமூக மன்றம் இத்தகைய அமைப்புகளுடன் கலந்தாலோசிக்க அவ்வுறுப்புரை வழி செய்கிறது. இன்று 6,000 இற்கும் மேற்பட்ட அமைப்புகள் இம்மன்றத்தின் ஆலோசனைத் தகுதியைப் பெற்றுள்ளன. தமிழ்நாட்டில் "தொண்டு நிறுவனம்" என்ற சொல்லும், இலங்கையில் "அரச சார்பற்ற நிறுவனம்" என்ற சொல்லும் பெருவழக்காக உள்ளன.

உலக வங்கி, யுனிசெப், உலக நலவாழ்வு அமைப்பு முதலியவை அரசுகளை உறுப்பினராகக் கொண்டவை அல்லது ஐ. நா. அமைப்பைச் சேர்ந்தவை. ஆகவே அவை இவ்வகையில் அடங்கா. செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுவுக்கு ஜெனீவா உடன்படிக்கைகளின்படி தனியான சட்டநிலை உண்டு.

தோற்றம்

இவ்வமைப்புகளுள் பல போர், பஞ்சம், நோய் ஆகியவற்றின்போது உடனடி உதவி அளிக்கத் தொடங்கப்பட்டு, பின்னர் நீண்டகால வளர்ச்சிப் பணிக்கு மாறியவை.

* தொழுநோய் மிஷன்: வெல்லசுலி பெய்லி என்பவர் இந்தியாவின் அம்பாலாவில் கண்ட தொழுநோயாளரின் நிலையால் உந்தப்பட்டு, 1874 இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொடங்கியது.
* சேவ் த சில்ரன்: முதல் உலகப் போரின் பின்னர் முற்றுகையால் பட்டினியுற்ற நடு ஐரோப்பியக் குழந்தைகளுக்காக எக்லன்டைன் ஜெப் முதலியோர் 1919 இல் பிரித்தானியாவில் தொடங்கியது.
* ஆக்ஸ்பாம்: கிரேக்க நாட்டில் ஏற்பட்ட பஞ்சத்தை ஒட்டி 1942 இல் ஆக்ஸ்போர்டு நகரில் உருவானது. 1951 இல் பீகார் பஞ்சத்தின்போது இந்தியாவுக்கு வந்தது.
* கேர்: போரால் சிதைந்த ஐரோப்பாவுக்கு உணவுப் பொதிகள் அனுப்புவதற்காக 1945 இல் ஐக்கிய அமெரிக்காவின் 22 அமைப்புகள் சேர்ந்து உருவாக்கியது.
* எல்லைகளற்ற மருத்துவர்கள்: 1971 இல் பிரான்சில் மருத்துவர்களும் இதழாளர்களும் சேர்ந்து தொடங்கியது.
* பிராக்: 1972 இல் வங்காளதேசத்தில் பசுலே அசன் ஆபேத் தொடங்கியது. உள்நாட்டு அமைப்பாகத் தோன்றிப் பின்னர் ஆப்கானிசுத்தான், இலங்கை, ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றுக்குப் பரவியது. உதவி வழங்கும் அமைப்புகள் மேலைநாடுகளில் மட்டுமே தோன்றும் என்ற கருத்துக்கு இது விதிவிலக்கு.

செயற்படும் முறைகள்

இவ்வமைப்புகளின் பணிமுறையை நான்காகப் பிரிக்கலாம்.

* நேரடிப் பணி: சொந்தப் பணியாளர்களைக் கொண்டு மருத்துவமனை, உணவு வழங்கல், கிணறு வெட்டுதல் முதலியவற்றைச் செய்தல்.
* பங்காளர் வழிப் பணி: உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கு நிதியும் பயிற்சியும் அளித்தல்.
* அரசுடன் இணைந்த பணி: அரசின் திட்டம் ஒன்றுக்குப் பொருளோ தொழில்நுட்ப அறிவோ வழங்குதல்.
* பரப்புரை: கடன் தள்ளுபடி, மருந்து விலை, குழந்தைத் தொழிலாளர் முதலிய பொருள்களில் அரசுகளின் கொள்கையை மாற்ற முயலுதல்.

நிதி தனியாரின் சிறு நன்கொடைகள், திருச்சபைகள், அறக்கட்டளைகள், கொடைநாட்டு அரசுகள் ஆகியவற்றிலிருந்து கிடைக்கிறது. அரசு சார்பற்றவை எனப் பெயர் பெற்றிருந்தாலும், பெரிய அமைப்புகள் பலவற்றின் வருவாயில் கணிசமான பகுதி கொடைநாட்டு அரசுகளிடமிருந்தே வருகிறது. இதன் விளைவுகள் கீழே கூறப்படும் எடுத்துக்காட்டுகளில் வெளிப்படுகின்றன.

பள்ளி மதிய உணவும் கேர் அமைப்பும்

பின்னணி

பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளிக்கும் எண்ணம் வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்ததன்று. சென்னை மாநகராட்சியில் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் 1920 இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கப்பட்டது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956 ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் மாநிலம் எங்கும் பரவியது. பள்ளிக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு நிருவாக வடிவம் கொடுத்தார். தொடக்கத்தில் ஊர் மக்கள் தந்த நெல், காய்கறி, விறகு, பணம் ஆகியவையே முதலாக இருந்தன. பின்னர் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்றது. எனினும் விளைச்சல் குறைந்த ஆண்டுகளிலும் வறிய ஊர்களிலும் மக்களின் கொடையைக் கொண்டு மட்டும் உணவை நாள்தோறும் வழங்குவது கடினமாக இருந்தது.

கேர் உணவு

இந்திய அரசுடன் 1950 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கேர் இந்தியாவில் பணியாற்றி வந்தது. 1961 இல் அது சென்னை மாநிலத்தின் மதிய உணவுத் திட்டத்துக்கு உணவுப்பொருள்களை வழங்கத் தொடங்கியது. பால் பொடி, மக்காச்சோள மாவு, உடைத்த கோதுமை, சமையல் எண்ணெய் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. 1960களிலும் 1970களிலும் தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளியில் படித்தோருக்குக் கோதுமை உப்புமாவும் கரைத்த பாலும் நன்கு அறிமுகமானவை. மாவு மூட்டைகளிலும் எண்ணெய்த் தகரங்களிலும் அவை ஐக்கிய அமெரிக்க மக்களின் கொடை என்றும் விற்பனைக்கு உரியவை அல்ல என்றும் அச்சிடப்பட்டிருக்கும்.

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டம், எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எனவே திருத்தணி, மணவூர் சுற்றுவட்டாரத்தில் அவ்வாறு இணைந்த ஊர்களின் பள்ளிகள் சென்னை மாநிலக் கல்வித்துறையின் கீழ் வந்த அடுத்த ஆண்டிலேயே கேர் உணவு மாநிலத்தின் திட்டத்தில் இடம்பெற்றது.

இவ்வுணவு எங்கிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1950களில் ஐக்கிய அமெரிக்காவில் தேவைக்கு மேல் விளைந்த தானியமும் பால் பொடியும் அரசின் கிடங்குகளில் தேங்கின. அவற்றை வெளிநாடுகளுக்குக் கொடுக்கவும் எளிய விதிகளில் விற்கவும் 1954 இல் பொதுச்சட்டம் 480 இயற்றப்பட்டது. அச்சட்டம், கொடையாக வழங்கும் உணவைக் கேர், கத்தோலிக்க நிவாரணப் பணி முதலிய தன்னார்வ அமைப்புகளின் வழியாகப் பகிர்ந்தளிக்க இடம் கொடுத்தது. ஆகவே தமிழ்நாட்டுக் குழந்தை உண்ட உப்புமாவில் அமெரிக்க அரசின் வேளாண் கொள்கை, ஒரு தன்னார்வ அமைப்பின் நிருவாகம், இந்திய அரசின் வரிவிலக்கு, மாநிலக் கல்வித்துறையின் உழைப்பு ஆகிய நான்கும் சேர்ந்திருந்தன.

கேர் அமைப்பின் மற்றொரு பங்களிப்பு நிருவாகம் சார்ந்தது. இருப்புப் பதிவேடு, கிடங்குப் பாதுகாப்பு, உணவு பெறும் குழந்தைகளின் கணக்கு, நேரடிப் பார்வையிடல் ஆகியவை உணவு வழங்கலின் நிபந்தனைகளாக இருந்தன. 1967 முதல் கேர் உதவியுடன் மையச் சமையற்கூடங்கள் அமைக்கப்பட்டன. ஓரிடத்தில் சமைத்த உணவு பல பள்ளிகளுக்கு ஊர்திகளில் எடுத்துச் செல்லப்பட்டது. ஆசிரியர்கள் சமையல் வேலையிலிருந்து விடுபட்டது இதன் நன்மை. தொலைவிலுள்ள சிற்றூர்களை எட்டுவது கடினமாக இருந்தது இதன் குறை.

சார்புநிலை

வெளிநாட்டு உணவைச் சார்ந்திருப்பதன் ஆபத்து 1965–66 ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் தெளிவானது. பருவமழை பொய்த்த அவ்வாண்டுகளில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், பொதுச்சட்டம் 480 இன் கீழ் இந்தியாவுக்கு விற்கப்பட்ட கோதுமையைக் குறுகிய காலத் தவணைகளாக மட்டுமே விடுவித்தார். இந்தியாவின் வேளாண் கொள்கையையும் வியட்நாம் போர் பற்றிய அதன் நிலைப்பாட்டையும் மாற்றுவதற்கான அழுத்தமாக அது கருதப்பட்டது. பள்ளிகளுக்கான கொடை உணவு அவ்விற்பனையிலிருந்து வேறான பிரிவைச் சேர்ந்தது. ஆயினும் இரண்டுக்கும் மூலம் ஒரே நாட்டின் உபரி விளைச்சலே. பசுமைப் புரட்சியின் மூலம் தன்னிறைவு தேட இந்தியா விரைந்ததற்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாயிற்று.

அரசின் பொறுப்பாதல்

1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் ம. கோ. இராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அது நகரப் பகுதிகளுக்கும், 1984 இல் 10 முதல் 15 வயது வரையுள்ள மாணவருக்கும் விரிவாக்கப்பட்டது. இத்திட்டம் முந்தையதிலிருந்து பல வகைகளில் வேறுபட்டது. உணவின் அடிப்படை கோதுமைக்கு மாறாக உள்நாட்டு அரிசியும் பருப்பும் ஆயிற்று. சமையல் அந்தந்த ஊரின் மையத்திலேயே நடந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை கிடைத்தது. செலவு மாநில அரசின் வரவு செலவுத் திட்டத்தில் நிலையான இடம் பெற்றது. இவ்வளவு பெரிய செலவை ஒரு மாநிலம் தாங்குமா என்ற ஐயம் அக்காலத்தில் எழுப்பப்பட்டது. எனினும் பின்வந்த அரசுகள் எதுவும் திட்டத்தைக் கைவிடவில்லை. 1989 இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு முட்டை வழங்கத் தொடங்கியது. 2010 முதல் வாரத்துக்கு ஐந்து முட்டைகள் வழங்கப்பட்டன.

நடுவண் அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய அளவில் பள்ளி உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. சமைத்த உணவையே வழங்க வேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. 2023 இல் அது அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அதனை விரிவாக்கும் நிகழ்ச்சி திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் நடந்தது. மணவூர் தொடர்வண்டி நிலையமும் திருத்தணியும் இதே மாவட்டத்தைச் சேர்ந்தவை.

இவ்வரலாற்றில் எண்ணம் உள்ளூரில் தோன்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பன்னாட்டு அமைப்பு பொருளும் நடைமுறையும் கொடுத்தது. பின்னர் அரசு அதனைத் தன் கடமையாக ஏற்றது. கேர் உணவு கொடையாக இருந்தவரை, அதனைக் கேட்டுப் பெறும் உரிமை எந்தப் பெற்றோருக்கும் இல்லை. அரசின் திட்டமான பின்னர், உணவு தரமற்றுப் போனால் வாக்காளரும் சட்டமன்றமும் நீதிமன்றமும் கேள்வி கேட்க முடிந்தது.

தொழுநோய்ப் பணி

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 இல் சேர்ந்த மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்வதில்லை என்பதைக் காட்டினார். நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்ச்சி இழந்த கைகால்களில் சூடும் காயமும் ஏற்படுவதை நோயாளர் அறிவதில்லை. அக்காயங்கள் புண்ணாகி உறுப்பிழப்புக்குக் காரணமாகின்றன. இக்கண்டுபிடிப்பின் அடிப்படையில் 1948 முதல் அவர் தசைநாண்களை இடமாற்றி மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தைச் செய்தார். உணர்ச்சியற்ற பாதங்களைக் காக்க மென்ரப்பர் காலணிகளும் உருவாக்கப்பட்டன.

காட்பாடிக்கு அருகிலுள்ள கரிகிரியில் 1955 இல் செபெலின் தொழுநோய் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. தொழுநோய் மிஷனும் அமெரிக்கத் தொழுநோய் மிஷனும் வேலூர் மருத்துவக் கல்லூரியும் இதன் உருவாக்கத்தில் பங்கு கொண்டன. இந்தியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் இங்கே பயிற்சி பெற்றனர்.

உலக நலவாழ்வு அமைப்பு 1981 இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1983 இல் இந்திய அரசு தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பல மாவட்டங்களில் பன்னாட்டு அமைப்புகளின் உதவி பெற்ற மையங்கள் நோயாளரைக் கண்டறிந்து மருந்து வழங்கின. 2005 டிசம்பரில் இந்தியாவில் நோயாளர் வீதம் தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இறங்கியது. தொழுநோய்ப் பணி பொது நலவாழ்வுத் துறையுடன் இணைக்கப்பட்டது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளரில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் இந்தியாவில் உள்ளனர். "ஒழிப்பு" என்ற அறிவிப்பு வெளியான பின்னரும் நோய் தொடர்வது, இலக்கை எட்டியதும் கவனம் குறையும் ஆபத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

கண் மருத்துவம்

மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், 1976 இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து கிடைக்கும் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகக் கண்புரை அறுவை செய்வது இதன் முறை. பெரியம்மை ஒழிப்பில் பணியாற்றியவர்கள் உள்ளிட்டோர் 1978 இல் அமெரிக்காவில் தொடங்கிய சேவா அறக்கட்டளை இதற்குத் துணை நின்றது.

1980களின் இறுதியில், கண்புரை அறுவைக்குப் பின் கண்ணினுள் பொருத்தும் செயற்கை வில்லை இறக்குமதியாகவே கிடைத்தது. அதன் விலை ஏறத்தாழ 100 டாலர். ஏழை நோயாளருக்கு அது எட்டாப் பொருளாக இருந்ததால், அவர்களுக்கு வில்லை பொருத்தப்படாமல் தடித்த கண்ணாடியே கொடுக்கப்பட்டது. சேவா முதலிய அமைப்புகள் வில்லைகளை நன்கொடையாகத் திரட்டிக் கொடுப்பதுடன் நின்றிருக்கலாம். அவ்வாறன்றி, வில்லை செய்யும் தொழில்நுட்பத்தை மதுரைக்குக் கொண்டுவர உதவின. 1992 இல் ஆரோலேப் என்னும் இலாப நோக்கமற்ற உற்பத்தி நிலையம் தொடங்கியது. விலை 10 டாலருக்கும் கீழே இறங்கியது. ஆரோலேப் வில்லைகள் இன்று 100 இற்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. அதே 1992 இல் பன்னாட்டு அரிமா சங்கங்களின் உதவியுடன் தொடங்கிய பயிற்சி நிறுவனம் பிற நாட்டு மருத்துவமனைகளுக்கும் இம்முறையைக் கற்பிக்கிறது. உதவி பெற்ற இடமே உதவி வழங்கும் இடமாக மாறியதற்கு இது சான்று.

ஆழிப்பேரலைக்குப் பின்னர்

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டம் மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. அம்மாவட்டத்தில் மட்டும் 6,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்திய அரசு வெளிநாட்டு அரசுகளின் நேரடி உதவியைத் தொடக்கத்தில் ஏற்க மறுத்தது. ஆனால் அரசு சார்பற்ற அமைப்புகள் பெருந்தொகையான நன்கொடையுடன் வந்தன. ஒரே ஊருக்குப் பல அமைப்புகள் செல்வதும், வேறு ஊர்களுக்கு எவரும் செல்லாதிருப்பதும் முதல் வாரங்களில் நிகழ்ந்தன. இதனைச் சீர்செய்ய 2005 ஜனவரியில் மாவட்ட நிருவாகத்தின் ஒத்துழைப்புடன், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் நாகப்பட்டினத்தின் சினேகா அமைப்பும் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நிறுவின. எந்த ஊரில் எந்த அமைப்பு என்ன செய்கிறது என்ற பட்டியலும், மக்களின் தேவைகளும் அங்கே திரட்டப்பட்டன. நிரந்தர வீடுகள் கட்டும் பணியில் நிலத்தை அரசும் கட்டுமானத்தைத் தொண்டு நிறுவனங்களும் ஏற்கும் முறை பின்பற்றப்பட்டது.

குறைகளும் இருந்தன. கண்ணாடியிழைப் படகுகள் தேவைக்கு மேல் வழங்கப்பட்டதால் மீன்வளத்தின் மீது அழுத்தம் கூடியது. சொந்தப் படகு இல்லாத தொழிலாளர், மீன் விற்கும் பெண்கள், உப்பளத் தொழிலாளர், பாதிக்கப்பட்ட தலித் மக்கள் ஆகியோரை உதவி எட்டத் தாமதமாயிற்று. இந்தியா, இலங்கை, இந்தோனேசியா முதலிய நாடுகளில் நடந்த பணிகளை ஆராய்ந்து 2006 இல் வெளியான கூட்டு மதிப்பீடு, பன்னாட்டு அமைப்புகள் உள்ளூர் மக்களின் திறனைப் பல இடங்களில் புறக்கணித்தன என்று கூறியது. நன்கொடையை விரைந்து செலவிட வேண்டிய கட்டாயமே இதற்குக் காரணம் எனவும் அது காட்டியது.

இலங்கை

இலங்கையில் ஆழிப்பேரலையால் 30,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே உதவிப்பணி உள்நாட்டுப் போருடன் பின்னிக் கிடந்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் உதவியைப் பகிர்வதற்காக அரசும் தமிழீழ விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் செய்துகொண்ட ஏற்பாட்டின் முக்கிய பகுதிகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது.

2006 ஆகஸ்டில் மூதூரில், பட்டினிக்கு எதிரான நடவடிக்கை என்னும் பிரெஞ்சு அமைப்பின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் தம் அலுவலக வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தோருள் பெரும்பாலோர் தமிழர். இக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. பன்னாட்டு அமைப்பின் பெயரில் நடக்கும் பணியின் இடர்களைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பணியாளரே சுமக்கின்றனர் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து வெளியேறுமாறு உதவி அமைப்புகளுக்கு அரசு அறிவித்தது. வெளியேற வேண்டாம் என வேண்டி மக்கள் கிளிநொச்சியில் ஐ. நா. அலுவலகத்தின் முன் கூடினர். செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு நீங்கலாகப் பெரும்பாலான அமைப்புகள் வெளியேறின. 2012 இல் வெளியான ஐ. நா. உள்ளக மீளாய்வு அறிக்கை, போரின் இறுதிக் கட்டத்தில் ஐ. நா. தன் கடமையில் தவறியது என்றும், அவ்வெளியேற்றம் பொதுமக்களைக் காக்கும் திறனைக் குறைத்தது என்றும் கூறியது. அரசின் இசைவின்றிப் பன்னாட்டு அமைப்பு ஒரு நாட்டில் நிலைத்திருக்க இயலாது என்பது இங்கே வெளிப்படுகிறது.

சட்டக் கட்டுப்பாடுகள்

இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடையை முறைப்படுத்தும் சட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 இல், முதலில் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 2010 இல் புதிய சட்டம் வந்தது. 2020 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் முதன்மையான மாற்றங்கள் பின்வருமாறு:

* ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கத் தடை.
* நிருவாகச் செலவின் உச்ச வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைப்பு.
* நன்கொடையைப் புதுதில்லியிலுள்ள இந்திய ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கில் மட்டுமே பெற வேண்டும் என்ற விதி.

முதல் மாற்றத்தால், பெரிய அமைப்பின் வழியாக நிதி பெற்றுவந்த சிற்றூர்த் தொண்டு நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. வெளிப்படைத்தன்மையும் நாட்டுப் பாதுகாப்பும் சட்டத்தின் நோக்கம் என அரசு கூறுகிறது. விமர்சிக்கும் அமைப்புகளை ஒடுக்க அது பயன்படுகிறது என மறுதரப்பினர் கூறுகின்றனர்.

நிதி நின்றுபோவதன் விளைவுக்குக் கம்பேஷன் இன்டர்நேஷனல் என்னும் அமெரிக்கக் கிறித்தவ அமைப்பு எடுத்துக்காட்டு. 2016 இல் இந்திய அரசு அதன் நிதியை முன் அனுமதிக்கு உட்படுத்தியது. மதமாற்றத்துக்கு நிதி பயன்படுகிறது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அவ்வமைப்பு அதனை மறுத்தது. 2017 மார்ச்சில் அது இந்தியப் பணியை நிறுத்தியபோது, 1,40,000 இற்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கான உதவி முடிவுற்றது.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இவ்வமைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன.

விமர்சனங்கள்

* பொறுப்புக்கூறல்: அமைப்பு தன் கொடையாளருக்குக் கணக்குக் காட்டுகிறது. பயனாளர் அதனைக் கேள்வி கேட்கவோ மாற்றவோ வழியில்லை.
* முன்னுரிமை: எந்த நோய், எந்த மாவட்டம், எத்தனை ஆண்டுகள் என்பவை பெரும்பாலும் கொடைநாட்டில் தீர்மானிக்கப்படுகின்றன.
* அரசின் இடத்தைப் பிடித்தல்: எயிட்டி நாட்டில் கல்வியும் மருத்துவமும் பெருமளவில் வெளி அமைப்புகளின் கையில் இருந்ததால், அரசு வலுவிழந்ததாகக் கூறப்படுகிறது. 2010 நிலநடுக்கத்தின்போது அக்குறை பெரிதாக வெளிப்பட்டது.
* ஆள் ஈர்ப்பு: உயர்ந்த ஊதியத்தால் அரசு மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றின் திறமையான பணியாளர் வெளியேறுகின்றனர்.
* நிதிச் சார்பு: ஐக்கிய அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமை 2025 ஜூலை 1 அன்று தன் பணியை முடித்துக்கொண்டது. அதன் நிதியைச் சார்ந்திருந்த பல பன்னாட்டு அமைப்புகள் நலவாழ்வு, உணவுத் திட்டங்களைப் பல நாடுகளில் நிறுத்த வேண்டியதாயிற்று.

இவ்விமர்சனங்களை ஏற்று இவ்வமைப்புகள் தமக்கான நெறிமுறைகளை வகுத்துள்ளன. 1994 இல் பேரிடர் உதவிக்கான நடத்தைக் கோவையும், 1997 இல் குடிநீர், உணவு, உறைவிடம் ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவைக் கூறும் ஸ்பியர் திட்டமும் உருவாயின. மனிதநேய நிதியில் 25 விழுக்காட்டை உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகக் கொடுப்பதென 2016 இல் பெரிய கொடையாளரும் அமைப்புகளும் உறுதி கூறினர். அவ்விலக்கு இன்னும் எட்டப்படவில்லை.

கையளித்தல்

திட்டம் ஒன்றை உள்ளூர் அமைப்புக்கோ அரசுக்கோ ஒப்படைத்து வெளியேறுவது கையளித்தல் எனப்படும். மேற்கூறிய எடுத்துக்காட்டுகளை ஒப்பிடும்போது, கையளித்தல் வெற்றி பெற்ற இடங்களில் பொதுவான சில தன்மைகள் காணப்படுகின்றன.

* திட்டத்தின் தேவை உள்ளூரில் முன்பே உணரப்பட்டிருந்தது. மதிய உணவு இதற்குச் சான்று.
* பொருளுடன் செய்முறை அறிவும் கைமாறியது. கரிகிரியின் பயிற்சியும் ஆரோலேப் வில்லையும் இவ்வகையின.
* தொடர்ந்து செலவை ஏற்பவர் யார் என்பது தெளிவாக இருந்தது. சத்துணவில் அரசும், அரவிந்த் மருத்துவமனையில் கட்டணம் செலுத்தும் நோயாளரும் அச்செலவை ஏற்றனர்.
* பயனாளர் கேள்வி கேட்கும் இடம் இருந்தது.

இவை இல்லாத இடங்களில், நிதி நின்ற நாளே பணியும் நின்றது. வெளிநாட்டுக் கொடையாளர் ஒருவரின் முடிவோ, உள்நாட்டு அரசின் ஓர் ஆணையோ அதற்குப் போதுமானதாக இருந்தது.

இவற்றையும் பார்க்க

* சத்துணவுத் திட்டம்
* காமராசர்
* பொதுச்சட்டம் 480
* பசுமைப் புரட்சி
* தொழுநோய்
* அரவிந்த் கண் மருத்துவமனை
* 2004 இந்தியப் பெருங்கடல் ஆழிப்பேரலை
* திருவள்ளூர் மாவட்டம்